பள்ளி மாறும்போது பிஎஃப் பணத்தை எடுக்கலாமா? தனியார் பள்ளி ஆசிரியர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

மே மாதம் வந்தாலே தனியார் பள்ளி ஆசிரியர்களிடம் இரண்டு கேள்விகள் அடிபடும். அடுத்த வருஷம் எந்த ஸ்கூல்? பழைய ஸ்கூல் பிஎஃப் பணத்தை எப்போ எடுக்கலாம்? கோடை விடுமுறைக்குச் சம்பளம் தராத பள்ளிகளும் இருக்கின்றன. ஜூன் மாதம் சொந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்றால், முதலில் கண்ணில் படுவது பிஎஃப் பணம்தான். அதனால்தான் பலர் மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள்.

எவ்வளவு சேரும்?

பிஎஃப் பிடிக்கப்படும் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரிடம் 12%, அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். பள்ளியும் அதே அளவு போட வேண்டும். ஆனால் பள்ளி போடும் பணத்தில் 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். மீதி 550 மட்டுமே பிஎஃப்-ல் சேரும். ஆக மாதம் 2,350 ரூபாய்.

2024-25ஆம் ஆண்டுக்கான வட்டி 8.25%. இதே வட்டி தொடர்ந்தால் 5 ஆண்டில் சுமார் 1.7 லட்சம் சேரும். சம்பளமே உயராவிட்டாலும் 20 ஆண்டில் சுமார் 13.7 லட்சம். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் 5 ஆண்டில் சேர்ந்த அந்த 1.7 லட்சம் மட்டுமே, அடுத்த 15 ஆண்டுகள் தொடாமல் கிடந்தால் 5.6 லட்சமாக வளர்ந்திருக்கும். ‘சின்ன தொகைதானே’ என்று எடுப்பது உண்மையில் இந்தப் பணத்தைத்தான்.

பென்ஷனும் போகும்

மொத்தப் பணி 10 ஆண்டுகளை எட்டினால்தான் 58 வயதில் இபிஎஸ் பென்ஷன் கிடைக்கும். பள்ளி மாறினாலும் கணக்கை மாற்றிக்கொண்டே வந்தால் எல்லா வருஷமும் கூட்டிக் கணக்கிடப்படும். நடுவில் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் திரும்ப பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 15 ஆண்டு பணிக்கு, 15,000 ரூபாய் சம்பளத்தில் மாதம் 3,214 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் வாழ்நாள் முழுக்க வரும், இறந்த பிறகு துணைக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

இன்னொன்று, மொத்தப் பணி 5 ஆண்டு நிறைவதற்குள் எடுத்தால் அந்தப் பணம் வருமான வரிக் கணக்கில் சேரும். 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் டிடிஎஸ் பிடித்துவிட்டுத்தான் தருவார்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

புதிய பள்ளியில் சேரும்போது பழைய யுஏஎன் எண்ணையே கொடுக்க வேண்டும். ‘புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்’ என்று அலுவலகத்தில் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. பிறகு இபிஎஃப்ஓ மெம்பர் போர்ட்டலில் ‘ஒன் மெம்பர் ஒன் இபிஎஃப் அக்கவுன்ட்’ என்ற பகுதியில் பணம் மாறிவிட்டதா என்று பார்த்து, மாறவில்லை என்றால் விண்ணப்பிக்கலாம். பழைய பள்ளி விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசி பிஎஃப் வந்து 2 மாதம் கழித்து ஆசிரியரே போர்ட்டலில் பதிவு செய்யலாம். பள்ளி மாதாமாதம் பணம் கட்டுகிறதா என்பது உமங் ஆப்பில் பாஸ்புக்கைப் பார்த்தாலே தெரியும்.

அவசரம் என்றால்? மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், வீடு போன்ற தேவைகளுக்கு ஒரு பகுதியை மட்டும் அட்வான்ஸாக எடுக்க விதிகளில் இடம் உண்டு. கணக்கு மூடப்படாது.

மே மாதப் பிரச்னைக்கு வழி ஜூனிலேயே இருக்கிறது. 11 மாதச் சம்பளம் 18,000 வீதம் வந்தால் மொத்தம் 1,98,000. அதை 12-ஆல் வகுத்தால் மாதம் 16,500. சம்பளம் வந்த அன்றே 1,500 ரூபாயை வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வைத்துவிட்டால் மே மாதத்துக்கு 16,500 ரூபாய் தயாராக இருக்கும்.

விலகும் முன் கிராஜுவிட்டி

பல ஆசிரியர்கள் கேட்காமலே விட்டுவிடும் பணம் இது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்ற 2009ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் செல்லும் என 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஒரே பள்ளியில் 5 ஆண்டு முடித்தவருக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 18,000 என்றால், சுமார் 51,900 ரூபாய் வர வேண்டும். நாலரை ஆண்டில் ராஜினாமா கடிதம் கொடுக்க நினைப்பவர்கள் அந்த வருஷத்தை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.