பட்டினிக்கு பச்சை விளக்கு! சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதும் செல்போன்

சென்னை,-

ஒரே கட்டிடம். ஒரே கேட். மாடியில் இருப்பவர் சாப்பாட்டைக் குறைக்க செல்போனில் கணக்கு எழுதுகிறார். வாசலில் இருப்பவரின் சாப்பாட்டையும் அதே செல்போனில் எழுதிப் பார்த்தபோது அதிர்ச்சியான உண்மை வெளிவந்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ராஜா அண்ணாமலைபுரத்தில், மந்தைவெளி பஸ் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடம் இருக்கிறது. 2-வது மாடியில் குடியிருப்பவர் ஒரு வங்கி குமாஸ்தா. வயது 46. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, 8 கிலோ குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காலை மணி 8. தட்டில் 4 இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் சாப்பிடவில்லை. செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"சட்னி எத்தனை கரண்டி போட்டே?" என்று மனைவியைக் கேட்கிறார்.

"நான் என்ன தராசு வச்சுக்கிட்டா பரிமாறுறேன்? கண்ணளவுதான்!" என்று சமையல் கட்டில் இருந்து பதில் வருகிறது.

செல்போனில் உள்ள "ஆப்", அவருக்கு ஒரு நாளைக்கு 1,700 கலோரி என்று வரம்பு கட்டியிருக்கிறது. அதற்குள் சாப்பிட்டால் பச்சை. தாண்டினால் சிவப்பு.

கணக்கில் வராத பஜ்ஜி

கலோரி என்பது வேறு ஒன்றும் இல்லை. வண்டிக்கு பெட்ரோல் மாதிரி, உடம்பு ஓடுவதற்கான சக்தியின் அளவு. மாவுச்சத்து, புரதம் இரண்டிலும் கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பில் 9 கலோரி. ஆகவே இட்லியை விட, அதன் மேல் ஊற்றும் எண்ணெய்தான் பெரிய ஆசாமி.

குமாஸ்தா ஒரு மாதமாக ஒழுங்காக எழுதுகிறார். அநேகமாக தினமும் பச்சைதான். ஆனால் எடை ஒரு கிலோ கூட இறங்கவில்லை. ஏன்?

நிருபர் துருவித் துருவி விசாரித்ததில் குட்டு வெளிப்பட்டது. ஆபீசில் குடிக்கும் 4 காபியை அவர் எழுதுவதே இல்லை! ஒரு காபிக்கு 2 ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் சர்க்கரை 20 கலோரி. சர்க்கரை மட்டுமே 160 ஆகிவிட்டது. பாலை இதில் சேர்க்கவில்லை. சாயங்காலம் பஸ்சுக்கு நிற்கும்போது தின்னும் 2 பஜ்ஜியும் கணக்கில் இல்லை.

"அது நின்னுக்கிட்டே சாப்பிடறது சார், சாப்பாடு மாதிரி தோணலை" என்றார் அவர்.

வங்கியில் 10 பைசா உதைத்தாலும் விடாதவர், வயிற்றுக் கணக்கில் இப்படி!

எண்ணெய் விஷயத்திலும் இதே கதைதான். கரண்டி அளவு போட்டால் ஏமாற்றம்தான். மளிகைச் சீட்டைப் பார்த்தால் உண்மை தெரியும். 4 பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி. சுமார் 200 கலோரி. செல்போன் கேட்காவிட்டாலும் மளிகைக் கடைக்காரர் சாட்சி சொல்லுவார்.

குன்னூரில் பிறந்த கணக்கு

இந்தக் கலோரி எண்கள் எல்லாம் ஏதோ அமெரிக்காவில் இருந்து வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டு உணவுக்கான கணக்கு பிறந்த இடம் நம்ம நீலகிரி, குன்னூர்!

1918-ல் அங்கு ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர், அரிசி சாப்பிடுவோரைத் தாக்கிய "பெரிபெரி" நோய் பற்றி ஆராய ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார். பல மாகாணத்துச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி கொழுகொழு என்று வளர்ந்தது. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு தின்ற எலிதான் கடைசி!

பிறகு அங்கு இயக்குனராக வந்த அய்க்ராய்டு, 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் புத்தகமாக வெளியிட்டார். 1958-ல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அதுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017-ல் 528 உணவுப் பொருள்களின் அட்டவணையை அது வெளியிட்டது.

முக்கியமான விஷயம், குன்னூரில் எண்ண ஆரம்பித்தது யார் அதிகம் தின்கிறார்கள் என்பதை அல்ல. யாருக்குப் போதவில்லை என்பதைத்தான்.

வாசலில் நின்றவர்

குமாஸ்தாவிடம் பேசிவிட்டு கீழே வந்தபோது, கேட்டைத் திறந்துவிட்டார் காவலாளி. வயது 58. ஊர் செய்யாறு பக்கம். சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்பி விடுகிறார். 12 மணி நேர டூட்டி. அவரிடம் நிருபர் பேட்டி கண்டார்.

நிருபர்:- காலையில என்ன சாப்பிட்டீங்க, பெரியவரே?

காவலாளி:- டீதான். தொட்டுக்க 2 பொறை.

நிருபர்:- மதியம்?

காவலாளி:- அம்மா உணவகத்துல சாம்பார் சாதம், ஒரு தட்டு.

நிருபர்:- ராத்திரி?

காவலாளி:- 3 இட்லி. மாசக் கடைசின்னா 2.

நிருபர்:- நடுவுல பசிக்காதா?

காவலாளி:- பசிச்சா ஒரு டீ போட்டுடுவேன் தம்பி. பசி அடங்கிடும். ஒரு நாளைக்கு 4 டீ ஆயிடும்.

குமாஸ்தாவின் சம்மதத்துடன், அவருடைய செல்போனிலேயே மறுநாள் பக்கத்தில் இதை அப்படியே எழுதினோம். மொத்தம் 1,050 கலோரி வந்தது.

செல்போன் என்ன செய்தது தெரியுமா? பச்சை விளக்கு போட்டது! "சபாஷ், இன்னும் 650 கலோரி மிச்சம்" என்று பாராட்டியது.

ஆப் மேல் தப்பு இல்லை. எடை குறைக்க வந்த குமாஸ்தாதான் சாப்பிடுகிறார் என்று அது நினைத்துக்கொண்டது. வேண்டும் என்றே குறைத்தவனுக்கும், இல்லாமல் குறைந்தவனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

செல்போனைக் காவலாளியிடம் காட்டினோம். "பச்சை எரிஞ்சா நல்லதுதானே தம்பி?" என்று கேட்டார். நிருபருக்கு வாய் வரவில்லை.

வறுமைக் கோட்டில் வாழ்ந்தவர்

1979-ல் அப்போதைய திட்டக் கமிஷன் அமைத்த குழு, வறுமைக் கோட்டையே கலோரியில்தான் போட்டது. கிராமத்தில் ஆளுக்கு 2,400. நகரத்தில் 2,100. நம் காவலாளிக்குக் கிடைப்பது அதில் சரிபாதி.

2011-ல் நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 32 ரூபாய் என்று அதே கமிஷன் சுப்ரீம் கோர்ட்டில் கணக்குக் கொடுத்தபோது நாடே கொதித்தது. அப்போது பெங்களூரில் வேலை பார்த்த 2 வாலிபர்கள், துஷார் வசிஷ்ட், மேத்யூ செரியன், வறுமைக் கோட்டுப் பணத்தில் வாழ்ந்தே பார்ப்பது என்று கிளம்பினார்கள். ஒருவர் வெளிநாட்டில் பெரிய சம்பளம் வாங்கியவர். மற்றவர் அமெரிக்காவில் படித்தவர். கிராமத்துக்கு கமிஷன் சொன்ன 26 ரூபாயில், கேரளாவில் கருகச்சால் என்ற ஊரில் புழுங்கல் அரிசி, கிழங்கு, வாழைப்பழம், பால் இல்லாத டீ என்று நாளை ஓட்டினார்கள். நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது என்றார்கள்.

இதில் துஷார் வசிஷ்ட், மறு ஆண்டே, 2012-ல், பெங்களூரில் கூட்டாளிகளுடன் தொடங்கியதுதான் "ஹெல்திஃபைமீ" என்ற கலோரி ஆப்! பசியின் கணக்கைப் போட்டவரே பிறகு தொப்பையின் கணக்குக்கும் வழி செய்தார்.

சர்க்கரைக்காரர்கள் உஷார்!

இன்சுலின் ஊசி, சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொள்பவர்கள் செல்போன் பேச்சைக் கேட்டு இஷ்டத்துக்கு சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் போட்டு விழும் ஆபத்து உண்டு. டாக்டரைக் கேட்டுவிட்டுக் குறைக்க வேண்டும். மற்றவர்கள் எழுதுவது என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். நின்றுகொண்டு தின்றதையும் சேர்த்து!

ஞாயிற்றுக்கிழமை கூட்டம்

காவலாளியின் கணக்கைப் பார்த்த குமாஸ்தா, கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"தினமும் எனக்குக் கதவு திறக்கிற மனுஷன் சார். நான் இட்லியை எண்ணிக்கிட்டிருக்கேன், அவர் டீயைக் குடிச்சு பசியை அமுக்கிக்கிட்டிருக்கார்" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டிடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடக்கிறது. மொட்டை மாடியில் உடற்பயிற்சி மெஷின் வாங்கிப் போடுவது பற்றிப் பேசப் போகிறார்கள். காவலாளிக்கு சம்பளம் கூட்டி 3 வருஷம் ஆகிறது. அதை முதலில் எடுக்கச் சொல்லிக் கேட்கப் போவதாக குமாஸ்தா தெரிவித்தார்.