குலுக்கல் சீட்டும் மருந்துச் சீட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். கையில் நாலைந்து பக்கத்துக்கு ஒரு படிவம். டீ ஆறிக்கொண்டிருந்தது; அவன் டம்ளரைத் தொடவே இல்லை.

“அண்ணே, அம்மாவுக்குக் கண்ணுல யூவியைட்டிஸ்னு சொன்னாங்கல்ல. அதுக்கு ரெண்டு மருந்து இருக்காம். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்ல குலுக்கல் போட்டுத்தான் குடுப்பாங்களாம். ஆராய்ச்சியாம். கையெழுத்து கேக்குறாங்க. எது நல்ல மருந்துன்னு டாக்டருக்குத் தெரியாதா? எங்கம்மா என்ன சோதனை எலியா?”

பெற்ற தாயின் பார்வை சம்பந்தப்பட்ட விஷயம். கோபம் வரத்தான் செய்யும். முதலில் டீயைக் குடிக்கச் சொன்னேன். பிறகு கேட்டேன்: “போன வருஷம் மாமாவுக்கு ஒரு ஊசி போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?”

எப்படி மறப்பான்? ராத்திரி சாப்பிட உட்கார்ந்த மாமாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது, வலது கை சோற்றுத் தட்டிலேயே விழுந்தது. இவன்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்து ஊசியும் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு மாமா தானே நடந்து சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறார்.

“அந்த ஊசி பலிக்கும்னு எப்படித் தெரிஞ்சுது? அதுவும் குலுக்கல்லதான்” என்றேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்று அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே படிவத்தோடு நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒருவர் வந்து நிற்கலாம்.

பக்கவாதம் இரண்டு வகையில் வரும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைப்பது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது மற்றொன்று. அடைப்பால் வருவதே அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டியைக் கரைக்கும் மருந்தை ரத்தக்கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஊசிக்கு முன்னால் ஸ்கேன்.

குழாய் அடைபட்டதும் மூளையில் நடப்பதை வயலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வாய்க்காலில் மண் சரிந்து தண்ணீர் நின்றுவிட்டது. அந்த ஒரு வாய்க்காலையே நம்பியிருந்த பாத்தி சீக்கிரம் காய்ந்துவிடும். அதைச் சுற்றியுள்ள பாத்திகளுக்குப் பக்கத்து வாய்க்கால்களிலிருந்து கொஞ்சம் கசிவு வந்துகொண்டிருக்கும். அங்கே பயிர் வாடித் தலை சாயும், ஆனால் சாகாது. நேரத்துக்கு மண்ணை வெட்டிவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். தாமதித்தால் அதுவும் கருகும். மூளையில் அப்படி வாடி நிற்கும் பகுதியைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சையின் முழு நோக்கம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டுக் காட்டினார்.

“கட்டியைக் கரைச்சா சரியாயிடும்னுதான் புரியுதே, இதுல குலுக்கல் எதுக்கு?” என்றான் தம்பி.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். மாரடைப்பில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்து ஏராளமான உயிர்களைக் காத்திருந்தது. இதயத்தில் பலித்தது மூளையிலும் பலிக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே? 1990களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே மருந்தைப் பக்கவாதத்தில் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்தது, சாவு கூடியது. ஆய்வுகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். நல்லெண்ணத்தை மட்டும் நம்பி எல்லா ஊரிலும் அந்த மருந்தைக் கொடுத்திருந்தால், அது ஆளைக் கொல்கிறது என்பதே வெளியில் தெரிந்திருக்காது. பக்கவாதத்தால் போய்விட்டார் என்று சொல்லி எடுத்திருப்பார்கள்.

மாமாவுக்குப் போட்டது வேறு மருந்து. அதன் பெயர் அல்டெப்லேஸ். அதைச் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1995 டிசம்பரில் வெளியானது. பங்கேற்றவர்கள் 624 பேர். எல்லோரும் நோய் தாக்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்தவர்கள். குலுக்கலில் 312 பேருக்கு அந்த மருந்து. மீதி 312 பேருக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது போனது என்பது நோயாளிக்கும் தெரியாது, சோதித்துப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தார்கள். ஆய்வின் முக்கியப் பகுதியில், மருந்து பெறாதவர்களில் 100க்கு 26 பேர் குறையே இல்லாமலோ மிகச் சிறிய குறையோடோ தேறியிருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 39 பேர். ஆனால் நிலைமையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு மருந்து பெற்றவர்களில் 100க்கு 6 பேருக்கு வந்தது. பெறாதவர்களில் 100க்கு ஒருவருக்கும் குறைவு. அப்படியிருந்தும் மருந்து பெற்றவர்களிடையே மரணம் கூடவில்லை.

அந்த 26 என்ற எண்ணைத் தம்பி கவனிக்க வேண்டும் என்று விரும்பினேன். மருந்தே இல்லாமல் நூற்றுக்கு 26 பேர் தாமாகத் தேறுகிறார்கள். குலுக்கல் இல்லாமல் ஒரு மருத்துவர் தான் விரும்பிய பத்துப் பேருக்கு மட்டும் ஊசி போட்டு, அதில் மூன்று பேர் எழுந்து நடந்தால் என்ன சொல்வார்? மருந்து வேலை செய்தது என்பார். மருந்து போட்டிராவிட்டாலும் அந்த மூவர் நடந்திருக்கலாம். அதோடு, தேறக்கூடியவர் என்று மனதுக்குப் பட்டவருக்கே மருந்து கொடுக்கத் தோன்றும். இளைஞர், சர்க்கரை நோய் இல்லாதவர், சீக்கிரம் வந்தவர் எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கலோ முகம் பார்க்காது. வயதானவரும் இளையவரும், பணக்காரரும் ஏழையும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிவார்கள். கடைசியில் ஒரு வேறுபாடு தெரிந்தால், அது மருந்தால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

கேள்வி அதோடு முடியவில்லை. மூன்று மணி நேரம் தாண்டி வந்தவரை என்ன செய்வது? 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, 821 பேரைக் கொண்டு, நான்கரை மணி நேரம் வரை அந்த ஊசி பயன்படும் என்று காட்டியது. பெரிய கட்டி ஊசிக்குக் கரையாவிட்டால்? தொடை வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்திக் கட்டியை வெளியே இழுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். 2013இல் மூன்று ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்து, அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றன. பலர் கைவிட்டிருப்பார்கள். ஆராய்ந்தவர்கள் எங்கே பிழை என்று தேடினார்கள். பெரிய குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்து உறுதிசெய்யாமலே பலரைச் சேர்த்திருந்தார்கள், கருவிகள் பழையவை, சிகிச்சை தொடங்கவும் தாமதமாகியிருந்தது.

நெதர்லாந்தின் 16 மருத்துவமனைகளில் 500 பேரிடம் நடந்து, 2015இல் வெளியான ஆய்வில் இந்தக் குறைகள் பெரும்பாலும் இல்லை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 19 பேர் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்குத் தேற, கட்டியும் எடுக்கப்பட்டவர்களில் 33 பேர் தேறினார்கள். 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு, காலக்கெடுவையே மாற்றியது. தாக்கி 6 மணி முதல் 24 மணி நேரம் ஆகியும், மூளையில் வாடி நிற்கும் பகுதி மிச்சம் இருப்பதாக ஸ்கேன் காட்டியவர்களை மட்டும் அதில் சேர்த்தார்கள். கட்டி எடுக்கப்பட்டவர்களில் 49 சதவீதம் பேரால் சுதந்திரமாக வாழ முடிந்தது; மற்றவர்களில் 13 சதவீதம். கண்காணிப்புக் குழு இடையில் கணக்குப் பார்த்தது. பலன் தெளிவாக இருந்ததால் 206 பேரோடு ஆய்வு நிறுத்தப்பட்டது. ஒரு பக்கத்துக்குப் பெரிய நன்மையோ தீமையோ தெரிந்தபின் குலுக்கலைத் தொடரக் கூடாது என்பதற்காகவே அப்படி ஒரு தனிக்குழு.

“சரிண்ணே, இதெல்லாம் மூளை. அம்மாவுக்குக் கண்ணுல்ல?” என்றான். இரண்டாவது டீ வந்திருந்தது.

கண்ணின் வெள்ளைச் சுவருக்கும் உள்ளே இருக்கும் விழித்திரைக்கும் நடுவில், ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. அதில் வரும் அழற்சிதான் யூவியைட்டிஸ். கண் மங்கும், வெளிச்சம் கூசும், கண்முன் கரும்புள்ளிகள் மிதக்கும். சில சமயம் கிருமியால் வரும். 1993இல் தமிழ்நாட்டில் வெள்ளம் வந்து வடிந்தபின், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்படிப்பட்ட நோயாளிகள் திடீரென்று அதிகமாக வந்தார்கள். டாக்டர் எஸ். ஆர். ரத்தினமும் உடன் பணியாற்றியவர்களும் தேடிப்போய், எலிக்காய்ச்சல் கிருமியே காரணம் என்று கண்டார்கள். ஆகவே முதலில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கிருமி இல்லை என்றால், உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணைத் தாக்குகிறது என்று பொருள். அதில் சில நோய்கள் மிக விசித்திரமானவை. வோக்ட்-கோயனாகி-ஹராடா என்று மூன்று மருத்துவர்களின் பெயரைச் சுமக்கும் நோய் ஒன்று உண்டு. நிறம் தரும் அணுக்களை உடலே பகையாக எண்ணித் தாக்கும். தலைவலி வரும், காதில் இரையும், இரண்டு கண்ணும் மங்கும். பிறகு இமை முடி நரைத்து, தோலில் வெண்திட்டுகளும் தோன்றலாம். தலைவலிக்கு ஒரு டாக்டர், காதுக்கு ஒரு டாக்டர் என்று அலைந்த பிறகே பலர் கண் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள்.

இவர்களுக்கு ஸ்டீராய்டு உடனே பலன் தரும். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணிலேயே புரையும் அழுத்தமும் வரும். அதனால் ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் வேறு மருந்து தேவைப்படுகிறது. மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் என்று இரண்டு இருந்தன. பின்னதுதான் வேகமானது, சிறந்தது என்று நிபுணர்களில் பலர் நம்பினார்கள். விலையும் அதற்குத்தான் கூடுதல்.

பக்கவாதத்தில் நோயாளிகள் ஏராளம், கையில் இருப்பதோ சில மணி நேரம். இந்தக் கண் நோயில் நிதானமாக யோசிக்க நேரம் உண்டு, நோயாளிகள் குறைவு. ஒரு மருத்துவமனையில் மட்டும் தேடினால் விடை வர ஆண்டுகள் ஆகும். அரவிந்த் மருத்துவமனைகளில் முதலில் 80 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு மருந்துகளுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படி வேறுபாடு கிடைக்கவில்லை. பிறகு இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, மெக்சிகோ என்று ஐந்து நாடுகளின் ஒன்பது மையங்கள் கைகோத்து 216 பேரைச் சேர்த்தன. ஆறு மாதத்தில் அழற்சி அடங்கி, ஸ்டீராய்டும் குறைந்த அளவுக்கு இறங்க வேண்டும். அதுதான் வெற்றிக்கு அளவுகோல்.

2019இல் முடிவு வெளியானது. கட்டுரையின் முதல் ஆசிரியர் அதே ரத்தினம். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டவர்களில் 66.7 சதவீதம் பேருக்கு வெற்றி, மைக்கோஃபினோலேட்டில் 57.1 சதவீதம். விலை கூடிய மருந்து உயர்ந்தது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாதாமாதம் மருந்துக் கடையில் பணம் எண்ணிக் கொடுக்கும் நம் ஊர்க் குடும்பத்துக்கு இந்த விடையின் மதிப்பு தெரியும். ஒரு எச்சரிக்கையையும் தம்பியிடம் சொன்னேன். இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டுமே சாப்பிடும் மாத்திரை. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

“அப்ப எது நல்லதுன்னு டாக்டருக்கு நெஜமாவே தெரியாதா?”

தெரியாதபோதுதான் குலுக்கல் போட வேண்டும். ஒரு மருந்து நிச்சயம் மேல் என்று தெரிந்த பிறகும் குலுக்கல் போட்டால் அது பாவம். தெரியாத நிலையில் தெரிந்ததுபோல் எழுதிக் கொடுப்பதும் ஒரு வகைக் குலுக்கல்தான். அதில் யாரும் கணக்கு வைப்பதில்லை, அடுத்த நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. படிவத்தின் ஓரத்தில் தம்பியைச் சில கேள்விகள் எழுதிக்கொள்ளச் சொன்னேன். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியிருக்கிறதா, எண் என்ன? அந்தப் பதிவேடு 2007இல் தொடங்கியது. யாரும் இணையத்தில் பார்க்கலாம். சேராவிட்டால் அம்மாவுக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? ஆய்வால் பாதிப்பு வந்தால் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? இவற்றுக்குத் தமிழில், பொறுமையாகப் பதில் சொல்லாத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பதில் திருப்தியாக இருந்தாலும், முடிவு சித்தியுடையது. கண் அவருடையது.

உங்களுக்கும் இரண்டு வார்த்தை. முகம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேனும் ஊசியும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கண் சிவந்து, வலித்து, பார்வையும் மங்கினால் மெட்ராஸ் ஐ என்று நீங்களே முடிவுகட்டிக் கடையில் சொட்டு மருந்து வாங்காதீர்கள்.

தம்பி கிளம்பும்போது, 1995 ஆய்வில் வெறும் ஊசி போட்டுக்கொண்ட அந்த 312 பேரைப் பற்றி மறுபடி கேட்டான். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களும் மருந்து பெற்ற மற்ற 312 பேரும் சம்மதித்ததால்தான், போன வருஷம் நம் ஊர் டாக்டர் தயங்காமல் மாமாவின் கையில் ஊசியை ஏற்றினார்.