காரில் ஏன் அனல் வீசுகிறது?

போன வருஷம் கத்திரி வெயிலில் என் தாயாரை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் புறப்பட்டேன். தாயாருக்கு வயது 78. ரத்த அழுத்தம் வேறு. வெயில் ஆகவே ஆகாது. அதனால் முந்தின வாரமே குளிர்சாதனத்துக்கு 'காஸ்' போட்டு வைத்திருந்தேன். அதற்கு ஒரு மாதம் முன்பும் போட்டிருந்தேன்!

பரனூர் சுங்கச் சாவடியில் வரிசையில் நின்றோம். ஜில்லென்று வந்துகொண்டிருந்த காற்று மெல்ல மெல்லச் சூடாகி, கடைசியில் அடுப்படியிலிருந்து வருவது போல் வீசத் தொடங்கியது. வண்டி வேகம் பிடித்ததும் பழையபடி குளிர்ந்தது. "சரியாப் போச்சும்மா" என்றேன். அடுத்த சாவடியில் மறுபடியும் அனல். உளுந்தூர்ப்பேட்டை தாண்டுவதற்குள் தாயார் புடவைத் தலைப்பை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். எனக்குக் கை நடுங்கியது.

பெரம்பலூரில் சாலையோரம் இருந்த ஒரு ஒர்க்ஷாப்பில் நிறுத்தினேன். தாயாரை விசிறிக்கு அடியில் உட்காரவைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, அவர் முகம் தெளிந்த பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது.

"காஸ் குறைஞ்சிருக்கும் பாய். கொஞ்சம் போட்டுடுங்க" என்றேன்.

அந்தப் பெரியவர் சிரித்தார். "காஸ் என்ன பெட்ரோலா சார், ஓட ஓடத் தீர்ந்து போறதுக்கு?"

தீராத சரக்கு

நம்மில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். குளிர்சாதனம் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் உஷ்ணத்தைச் சுமந்துபோய் வெளியே கொட்டுகிறது. அந்தச் சுமைகூலிதான் காஸ். பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற காஸ், சாதாரண அழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்க உஷ்ணம் வேண்டுமே! அதைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆவியான காஸை கம்ப்ரஸர் அழுத்தி, வண்டியின் முகப்பில் இருக்கும் கண்டென்ஸருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்றுப் பட்டு உஷ்ணத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு உள்ளே போகிறது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது ஒரே சரக்கு. ரப்பர் குழாய் வழியாக வருஷக் கணக்கில் சொற்பம் கசியலாம். ஆனால் மாதத்துக்கு ஒரு தரம் காஸ் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் காஸ் போடுவது, விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. காஸோடு கொஞ்சம் எண்ணெயும் சுற்றுவதால், கசியும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருக்கும். நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அடைத்த பிறகு பம்ப் வைத்து அரை மணி நேரமாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். ஈரம் தங்கினால் ஊசிமுனைத் துவாரத்தில் பனியாக உறைந்து வழியை அடைத்துவிடும்.

விசிறி சுற்றவில்லை!

பாய் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போடச் சொல்லி, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"நின்னாச் சூடு, ஓடினாக் குளிர்ச்சின்னு சொன்னீங்களே, அதுவே போதும் சார். அங்க பாருங்க."

முகப்பில் இருந்த இரண்டு விசிறிகளில் ஒன்று அசையாமல் நின்றது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்ஸரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த விசிறிதான் கதி. அது நின்றால் அழுத்தம் எகிறி, ஆபத்து வராமல் இருக்க ஒரு சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடுகிறது. அப்புறம் வருவது வெறும் அனல்தான்.

என் விஷயத்தில் இன்னொரு கூத்து. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டில் காஸ் அளவு 450 கிராம் என்று இருந்தது. மெஷினை வைத்து உறிஞ்சி நிறுத்தால் 640 கிராம்! குறையாத பாத்திரத்தில் நான் இரண்டு தரம் பணம் கொடுத்து ஊற்றியிருக்கிறேன். அதிகக் காஸும் அழுத்தத்தை ஏற்றித்தான் விடும். நோய்க்கு மருந்து என்று நோயையே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

விசிறிக்குப் போகும் ஒயரின் சாக்கெட் கருகியிருந்தது. அதை வெட்டி, வேறு போட்டுக்கொண்டே பாய் எனக்குப் பாடம் நடத்தினார்.

ஏ.சி.யைப் போட்டதும் 'டிக்' என்று கிளச் பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் பியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். (கிளச்சே இல்லாத புது மாடல்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் 1940 மாடல் பக்கார்டு காரில் குளிர்சாதனம் வந்தபோதும் கிளச் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் என்ஜினை அணைத்து, இறங்கி, பெல்ட்டையே கழற்ற வேண்டும்!) உள்ளே போகும் தடித்த குழாய் ஜில்லென்று வியர்த்திருந்தும் காற்று சூடாக வந்தால், காஸ் மேல் பழி இல்லை. ஹீட்டர் பக்கத்துக் கதவு மூடாமல் மாட்டிக்கொண்டிருக்கும். காற்றே குறைவாக வந்தால் பில்டரைக் கழற்றித் தூசி தட்ட வேண்டும். இவ்வளவும் நாமே பார்க்கலாம்.

"ஆனா குழாய் நட்டுல மட்டும் ஸ்பேனர் வைக்காதீங்க. பீச்சியடிச்சா தோல் உறைஞ்சு வெந்த மாதிரி ஆயிடும். கண்ணுல பட்டா கண்ணே போயிடும்" என்றார்.

சரியாக 450 கிராம் நிறுத்துப் போட்டார். ஒன்றரை மணி நேர வேலை. முன்பு காஸுக்குக் கொடுத்த தொகையில் பாதிகூட ஆகவில்லை.

சமயபுரம் சுங்கச் சாவடியில் நல்ல கூட்டம். கால் மணி நேரம் நின்றோம். நான் காற்று வரும் இடத்தில் கையை வைத்தபடியே இருந்தேன். பின்னாலிருந்து தாயாரின் குரல் கேட்டது.

"கொஞ்சம் குறைச்சு வையேண்டா. காது அடைக்குது."