மனைப் பத்திரம் முதல் கம்பி எடை வரை

வீடு கட்டுவதில் ஏமாற்று பெரும்பாலும் மனையிலேயே தொடங்கிவிடுகிறது. திருப்பதி மாவட்டத்து நாராயணவனத்தில் மனை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்கீழ் வரும் தடைப் பட்டியலை. அரசு நிலம், கோயில் நிலம், ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம் ஆகியவை அதில் இருக்கும். ஒப்படை நிலத்தை விற்பதை 1977ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

வில்லங்கச் சான்று அவசியம். அது மட்டும் போதாது. பதிவான பரிமாற்றங்களே அதில் தெரியும். பதியாத பாகப்பிரிவினையும் வாரிசுச் சண்டையும் தெரியாது. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் காட்டி விற்றால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்தது மேஸ்திரி. சொந்தக்காரர், தெரிந்தவர் என்பதற்காக எழுத்தில்லாமல் முன்பணம் கொடுப்பதே பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைக்கிறது. கடைக்கால், தளம், பூச்சு என வேலை முடிய முடியப் பணம் தருவதும், அளவையும் பொருளின் தரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுவதும் அவநம்பிக்கை ஆகாது. நேர்மையான மேஸ்திரிக்கும் அதுவே பாதுகாப்பு.

கம்பியில் நடக்கும் மோசடி கண்ணுக்குத் தெரியாது. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ இருக்க வேண்டும். 12 மீட்டர் நீளக் கம்பி சுமார் 10.7 கிலோ. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் மீட்டர் எடை கிடைக்கும். கான்கிரீட் போட்டபின் இதைச் சோதிப்பது கடினம். அதனால் இறக்கும்போதே எடை போட வேண்டும்.