கட்-ஆஃப்பில் சேராத இங்கிலீஷ்... இந்த சீட்டுக்கு மட்டும் அதுதான் எல்லாம்!

திருவண்ணாமலை செங்கம் சாலை. காலை எட்டரை மணிக்கு பஸ்களில் தொங்கிக்கொண்டு ப்ளஸ் டூ மாணவர்கள் வருகிறார்கள். அதே சாலையில்தான் ரமணாசிரமம். 1938-ல் அங்கே வந்து இறங்கினார் ஒரு வெள்ளைக்காரர். பெயர் சாமர்செட் மாம். அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் மிகப் பிரபலமான எழுத்தாளர். ரமணரைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கி விழுந்துவிட்டார். அவர் படுத்திருந்த அறைக்கு ரமணரே தேடி வந்தார். 1944-ல் மாம் எழுதிய 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலில் வரும் இந்தியத் துறவிக்கு அந்தச் சந்திப்புதான் விதை.

ஆங்கில இலக்கியம் இந்த ஊரைத் தேடி வந்திருக்கிறது. ஆனால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்றால் என்ன? பெரும்பாலும் 'முப்பத்தஞ்சு எடுத்தா போதும்' என்கிற பாடம்!

ஏன் இந்த அலட்சியம்?

காரணம் எளிது. இன்ஜினீயரிங் கட்-ஆஃப்பில் ஆங்கில மார்க் சேராது. கலைக் கல்லூரிகளிலும் பெரும்பாலான படிப்புகளுக்கு நான்கு முக்கியப் பாடங்களின் 400 மார்க்தான் கணக்கு. அதனால் கைடு, நோட்ஸ், மனப்பாடச் செய்யுள் என்று ஆங்கிலம் சுருங்கிவிடுகிறது.

இங்கேதான் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலத்துக்கான தரவரிசை, ப்ளஸ் டூ ஆங்கிலப் பாட மார்க்கை வைத்தே போடப்படுகிறது. சயின்ஸ் குரூப்போ, காமர்ஸோ, எதைப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். மற்ற பாடங்களில் சறுக்கிய மாணவிகூட ஆங்கிலத்தில் நல்ல மார்க் வைத்திருந்தால் முன்னால் வர முடியும். 'பாஸ் போதும்' என்று விட்டவர்களுக்கு அந்தக் கதவு மே மாதமே மூடிவிடும்.

பிரிட்டனில் எப்படி?

அங்கே 16 வயதுக்குப் பிறகான இரண்டு வருடப் படிப்பை 'சிக்ஸ்த் ஃபார்ம்' என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்று பாடங்கள்தான். அதில் ஒன்றாக ஆங்கில இலக்கியத்தை எடுக்கலாம். நாடகம், நாவல், கவிதை என்று முழுப் புத்தகங்களாகப் படித்து, சொந்தக் கருத்தைக் கட்டுரையாக எழுத வேண்டும். இலங்கையிலும் உயர்தர வகுப்பின் கலைப் பிரிவில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். நம் நாட்டில் சி.பி.எஸ்.இ-யில் 'இங்கிலீஷ் எலெக்டிவ்' உண்டு. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் தனி இலக்கியப் பாடம் இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஆங்கிலப் பாடத்துக்குள்தான் இலக்கியம் ஒளிந்திருக்கிறது.

புத்தகத்தைத் திறந்தால்...

ப்ளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் யாரெல்லாம் இருக்கிறார்கள் தெரியுமா? ஷேக்ஸ்பியர், டென்னிசன், பிரௌனிங். நல்ல டீ போடுவது எப்படி என்று சொல்லும் ஜார்ஜ் ஆர்வெல். டால்ஸ்டாயின் சிறுகதை. சவுக்கு மரத்தைப் பாடிய வங்கப் பெண் தோரு தத். அவர் 1877-ல் இறந்தபோது வயது 21தான். இன்றைய ப்ளஸ் டூ மாணவிக்கு அக்கா வயது! ப்ளஸ் ஒன் புத்தகத்தில் அறிஞர் அண்ணாவின் பட்டமளிப்பு விழா உரையும், 'குலோத்துங்கன்' என்ற பெயரில் எழுதிய வா.செ.குழந்தைசாமியின் கவிதையும் இருக்கின்றன.

இன்னொரு ஆச்சர்யம், கி.ராஜநாராயணன். அவருடைய 'நாற்காலி' கதைதான் ப்ளஸ் டூ-வில் 'தி சேர்' என்ற பாடம். தமிழ் மீடியத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு இது நல்ல வழி. முதலில் நூலகத்தில் தமிழ்க் கதையை எடுத்துப் படியுங்கள். சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வாருங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் புரியாத சொல்லும் தானாகப் பிடிபடும். எந்தக் கிண்டல் மொழிபெயர்ப்பில் நின்றது, எது நழுவியது என்று நீங்கள் யோசிக்க ஆரம்பித்தால், அதுவே இலக்கியப் படிப்பின் முதல் பாடம்.

படித்தால் என்ன வேலை?

வீட்டில் முதலில் வரும் கேள்வி இதுதான். திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியிலேயே ஆங்கிலம் படிக்கலாம். பி.ஏ-வுடன் பி.எட் முடித்து டெட் தேர்வில் தேறினால் பள்ளி ஆசிரியர் பணிக்கு முயலலாம். எம்.ஏ., பி.எட் இருந்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதலாம். கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ-வுக்குப் பின் நெட் அல்லது செட். மொழிபெயர்ப்பு, பத்திரிகை, விளம்பரத் துறைகளும் உண்டு. மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்து 2019-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி மொழிபெயர்ப்பு விருது பெற்ற கே.வி.ஜெயஸ்ரீ இந்த ஊர்க்காரர்தான்.

செலவுக்குத் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு 'புதுமைப் பெண்', மாணவர்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

கிரிவலப் பாதையில் பூ விற்பவரும் ஆட்டோக்காரரும் வெளிநாட்டவரோடு ஆங்கிலம் பேசிப் பழகிய ஊர் இது. பேச்சுக்குப் பயம் போன ஊரில் புத்தகத்துக்கு மட்டும் ஏன் பயம்? இன்று இரவு கைடை மூடி வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு பாடத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.