நீச்சல்குளத்துக்கு ஒரு நீட்டுக்கோல்

முருங்கைக்காய் பறிக்கத் துறட்டி, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி ஆகியவை திருமங்கலத்துப் பக்கத்து வீடுகளுக்குப் புதியன அல்ல. தோட்டத்தில் நீச்சல்குளம் கட்டிக்கொண்டவர் வீட்டில் இவற்றோடு இன்னொரு சாதனமும் சேர்ந்துவிடுகிறது. ஒன்றினுள் ஒன்று செருகிய இரு குழாய்களாலான நீட்டுக்கோல் அது. கடைக்காரர்கள் 'டெலஸ்கோபிக்' கோல் என்பார்கள். இலை அரிக்கும் வலையையோ பாசி தேய்க்கும் பிரஷையோ அதன் நுனியில் மாட்டி, கரையில் நின்றபடியே குளத்தைச் சுத்தம் செய்யலாம்.

சென்ற கோடையில் அத்தகைய தோட்டம் ஒன்றுக்கு நாம் போயிருந்தோம். வேலை முடித்த பையன் முழுதும் நீட்டிய கோலை அப்படியே நிமிர்த்திப் பிடித்து நடந்தான். "தம்பி, கோலைத் தாழ்த்தப்பா! மேலே கம்பி போகுது!" என்று தோட்டத்துப் பெரியவர் கூவினார். அண்ணாந்து பார்த்தோம். கோலின் நுனிக்கும் மின்சாரக் கம்பிக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. ஒரு கோல் வாங்குவதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்த நமக்கு அன்றுதான் புத்தி வந்தது.

அலுமினியக் கோல் இலேசானது, விலையும் சகாயம். ஆனால் மின்சாரத்தை நன்கு கடத்தும். கார்பன் இழைக் கோல் அதனினும் இலேசு; விலை அதிகம்; அதுவும் மின்சாரம் கடத்துவதே. கண்ணாடி இழைக் கோல் சற்றுக் கனமானது. சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும்வரை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. நனைந்துவிட்டால் அதையும் நம்பலாகாது. எக்கோலாயினும் சுருக்கி, தாழ்த்தி எடுத்துச் செல்வதே பத்திரம்.

நீளத்தைக் கணக்கிடுவது சுலபம். குளம் 12 அடி அகலம், 5 அடி ஆழம் என்று கொள்வோம். இரு கரைகளிலிருந்தும் துழாவுவதால் நடுப்பகுதி 6 அடியில் எட்டும். கை, கரைக்கு 3 அடி மேலே இருப்பதால் அடித்தளம் கைக்கு 8 அடி கீழே இருக்கும். சாய்வாக அளந்தால் 10 அடி. கைப்பிடிக்கு 3 அடி கூட்டினால் 13. உட்குழாயில் ஓரடியாவது வெளிக்குழாய்க்குள் நின்றால்தான் மூட்டு உறுதியாயிருக்கும். ஆகவே 8 அடியிலிருந்து 16 அடிவரை நீளும் கோல் இக்குளத்துக்குப் போதும். இதனினும் நீண்டது வளைந்து கையை நோகச் செய்யும். வாங்கும்போதே முழுதும் நீட்டிப் பூட்டி, தரையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள். சறுக்கினால் வேண்டாம்.

குளத்து நீரிலுள்ள குளோரின் அலுமினியத்தை அரிக்கும். உப்பு நீரானால் குழாய்களுக்கிடையே படிந்து இறுகும். ஆதலால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, குழாய்களைப் பிரித்து நிழலில் உலர்த்துங்கள். இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், பூட்டு வழுக்கும். மணலைத் துடைத்தெடுத்தாலே பெரும்பாலும் சரியாகும். தேய்ந்த பூட்டை மாற்றிவிடுங்கள். கண்ணாடி இழைக் கோலை வெயிலில் போட்டால் இழைகள் சிலும்பிக் கையில் சிராய் ஏறும்.

முக்கியமான விஷயம் ஒன்று. நீரில் தத்தளிப்பவரை இழுக்க இக்கோலை நம்ப வேண்டாம். பாரம் தாங்காமல் மூட்டுக் கழன்று வந்துவிடலாம். அதற்கென்று மூட்டில்லாத ஒற்றைக் கோல் ஒன்றைக் கரையிலேயே வையுங்கள். முற்றிய, விரிசலற்ற மூங்கிலாயினும் சரி. ஆபத்து வேளையில் கரையில் படுத்துக்கொண்டு அதை நீட்ட வேண்டும். நின்றுகொண்டு நீட்டினால் நாமும் உள்ளே விழ நேரும். குழந்தைகள் நீந்தும் வீட்டில் இவ்விரண்டாவது கோலைத்தான் முதலில் வாங்க வேண்டும்.