வேடமும் வாக்கும்: நெல்லைச் சீமையில் சரித்திர நாடகத்தின் ஈர்ப்பு

பி. ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த இரு படங்கள் ஈராண்டு இடைவெளியில் வெளிவந்தன. 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்'. இரண்டின் நாயகர்களும் பழைய திருநெல்வேலிச் சீமையின் ஒரே வட்டாரத்தினர். பாஞ்சாலங்குறிச்சிக்கும் வ. உ. சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரத்துக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவே உள்ளது. இரண்டு படங்களிலும் எதிரி வெள்ளையர் ஆட்சி, இசை ஜி. ராமநாதன், இரண்டின் பின்புலத்திலும் ம. பொ. சிவஞானத்தின் வரலாற்று எழுத்து உண்டு. முதற்படம் பெருவெற்றி பெற்றது. கெய்ரோவில் 1960இல் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் அதன் நாயகருக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. இரண்டாவது படமோ வெளிவந்த காலத்தில் போட்ட முதலையே மீட்கவில்லை. கலைத்தரத்தில் இரண்டாவதை மேலாகக் கருதுவோர் பலர். இக்கட்டுரையாளரும் அவருள் ஒருவர். அங்ஙனமாயின் முதற்படத்தில் இருந்து இரண்டாவதில் இல்லாமற்போனது யாது? உடை என்னும் எளிய விடையிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. தமிழ்த் திரையுலகம் தன் படங்களைச் சரித்திரப் படம், சமூகப் படம் என இரண்டாகப் பிரித்ததும், மக்கள் முன்னதை 'ராஜா ராணிக் கதை' என வழங்கியதும் உடையின் அடிப்படையிலேயே ஆகும்.

உடைக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவு குறித்த விரிவான விவாதம் பிரிட்டனில் நிகழ்ந்துள்ளது. 1967இல் பிபிசி ஒளிபரப்பிய 'ஃபோர்சைட் சாகா', 1981இல் கிரானடா தொலைக்காட்சி வழங்கிய 'பிரைட்ஸ்ஹெட் ரிவிசிட்டட்', 1995இல் பிபிசி ஆறு பகுதிகளாக எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', 2010 முதல் 2015 வரை ஐடிவியில் வந்த 'டவுன்டன் ஆபி' என அங்கே சரித்திர உடை நாடகத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1980களின் பிரிட்டிஷ் வரலாற்றுப் படங்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஹிக்சன், மாளிகை, தோட்டம், உடை ஆகியவற்றின் அழகு மூலக்கதையிலுள்ள சமூக விமரிசனத்தை மூடிவிடுகிறது என்றார். ரஃபேல் சாமுவேல் தம் 'நினைவின் அரங்குகள்' (1994) என்னும் நூலில் இத்தகைய ஏளனத்தை மறுத்தார். பொதுமக்கள் கடந்த காலத்தைக் கையாளும் வழிகளும் வரலாற்று அறிவின் பகுதியே என்பது அவர் நிலைப்பாடு. இருவர் வாதத்திலும் உண்மை உண்டு. ஆயினும் இருவரும் கண்முன் கொண்ட நாடகங்களில் உடை ஒரு கட்டுப்பாடு. இறுகக் கட்டிய மார்க்கச்சையும் கழுத்துப்பட்டியும் அணிந்த மாந்தர் தம் மனத்திலுள்ளதைச் சொல்ல இயலாமல் தவிப்பதே அந்நாடகங்களின் சுவை. ஒரு பார்வையிலும் பாதியில் நின்ற சொல்லிலும் அங்கே காதல் வெளிப்படும். நம் சரித்திர நாடகத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. இங்கே உடை அணிந்தவன் வாய் திறப்பான். திறந்தால் எளிதில் மூடான்.

இவ்வேறுபாட்டின் வேர் திரைப்படத்துக்கு முற்பட்டது. சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் உரையாடலில் படம் வருவதற்கு முன்பே, அவர் எழுதிய கட்டபொம்மன் நாடகம் சிவாஜி நாடக மன்றத்தால் மேடையேறியது. அதற்கும் முன்னர்க் கட்டபொம்மன் கூத்து ஊர்தோறும் ஆடப்பட்டது. திருச்சியில் சிறுவனாக இருந்தபோது கம்பளத்தார் கூத்தில் கட்டபொம்மன் கதையைக் கண்டதும், அதில் வெள்ளையர் படையில் ஒருவனாக நின்றதுமே தம்மை நடிப்பின்பால் ஈர்த்தன எனக் கணேசன் தம் வரலாற்றில் கூறுகிறார். நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவை வளர்த்த பேராசிரியர் நா. வானமாமலை, கட்டபொம்மு கதைப்பாடலையும் கூத்தையும் 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடுகளாகப் பதிப்பித்தார். படம் வந்து பத்தாண்டு கழிந்த பின்னரே மூலம் அச்சேறியது என்பதால், பலரும் கூத்தைப் படத்தின் வழியே படிக்கும் தலைகீழ் நிலை உருவாயிற்று. இன்றும் அந்நிலை முற்றிலும் மாறவில்லை.

கூத்தோடு மட்டும் இம்மரபு நிற்கவில்லை. பொருநைக் கரையூர்களின் கோயில் கொடைகளில், சுடலைமாடன் முதலிய தெய்வங்களுக்கு ஆடும் கோமரத்தாடி சல்லடம் கட்டிக் கச்சை பூண்டு குல்லாய் தரிக்கிறார். அதுவரை அவர் ஊரில் ஓர் உழவராகவோ கூலித் தொழிலாளராகவோ இருந்திருக்கலாம். சல்லடமும் குல்லாயும் ஏறிய பின் அவர் சொல்வது வாக்கு. ஊர்ப் பெரியவரையும் பெயர் சொல்லி அழைத்து வினவும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. பெரியவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதில் சொல்கிறார். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசராவில் ஆயிரக்கணக்கானோர் நேர்ந்துகொண்டு காளியாகவும் அரசராகவும் குறவராகவும் வேடமிட்டு ஊர் ஊராகக் காணிக்கை பெறுகின்றனர். அங்கும் வேடம் விரதத்தோடு சேர்ந்தது. வேடமிட்டவரை அவ்வேடத்துக்குரிய மதிப்போடு வரவேற்பதே வழக்கம்; உள்ளே இருப்பவர் யார் என்று கேட்பதில்லை. இச்சடங்குகளே திரைப்படத்துக்கு நேரடி மூலம் என்பது எம் கருத்தன்று. வேடம் பூண்டவனுக்குப் பேசும் உரிமை உண்டு என்னும் இசைவு இவ்வட்டாரப் பார்வையாளரிடம் முன்பே இருந்தது. சரித்திர நாடகம் அவ்விசைவின் மீது எழுந்தது.

இனி, அவ்வுரிமை எதை ஈடுசெய்தது என்பதற்கு ஆவணங்களை நோக்கலாம். ஆட்சியர் ஜாக்சன் 1798இல் கட்டபொம்மனைச் சந்திப்பதாகக் கூறிக் குற்றாலம் தொடங்கிப் பல ஊர்களுக்குத் தம் பின்னே அலையவைத்தார். செப்டம்பர் 10ஆம் நாள் இராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. அங்கும் பாளையக்காரர் நெடுநேரம் நிற்கவைக்கப்பட்டார். அதனை அடுத்த கைகலப்பில் கிளார்க் என்னும் படை அலுவலர் இறந்தார். கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். பின்னர் நடந்த விசாரணையில் பழி ஜாக்சன் மீது விழுந்து அவர் பதவி இழந்தார். கும்பெனி ஆவணத்தில் இந்நிகழ்ச்சி காத்திருப்பின் வரலாறாகவே அமைகிறது. உட்காரச் சொல்லப்படாத ஒருவர், வெயிலிலும் தூசியிலும் 23 நாள் தொடர்ந்து வந்து, நின்றுகொண்டே கணக்குச் சொன்ன கதை அது. திரையில் அதே நிகழ்ச்சி வரி குறித்த முழக்கமாக மாறிற்று. அக்காட்சியின் உரையாடலை மனப்பாடமாகச் சொல்லாத பள்ளி ஆண்டுவிழா நெல்லைப் பகுதியில் அரிது. மாறுவேடப் போட்டிக்கு ஒட்டுமீசையும் அட்டை வாளும் வாங்கும் தாய்மார், பிள்ளை அவ்வசனத்தைத் தடுமாறாது சொல்வதையே பெரிதாகக் கருதுகின்றனர். கொடை வீட்டிலும் மணவீட்டிலும் ஒலிபெருக்கிவழியே கேட்ட கதைவசன இசைத்தட்டுகள், உடை கண்ணுக்குத் தெரியாமலே இவ்வீர்ப்பைக் காத்தன.

கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட நிகழ்ச்சியும் அத்தகையதே. தண்டனையை நிறைவேற்றிய மேஜர் பானர்மேன் மறுநாள் எழுதிய அறிக்கையைக் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் காணலாம். விசாரணையின்போது கட்டபொம்மன் அஞ்சாது நின்றதையும், தம்மைப் பிடிக்க முனைந்த எட்டயபுரத்தார் மீதும் சிவகிரியார் மீதும் இகழ்ச்சியோடு பார்வை செலுத்தியதையும், கோட்டையை விட்டு நீங்கியதற்காகத் தூக்குமரம் நோக்கிச் செல்லுகையில் வருந்தியதையும் அவ்வறிக்கை குறிக்கிறது. பகைவன் எழுத்திலேயே நாடகத்தின் கரு இருக்கிறது. ஆனால் அங்கு இருப்பது பார்வையும் ஒரு சிறு வருத்தமும் மட்டுமே. எஞ்சிய சொற்களைக் கூத்தும் நாடகமும் திரையும் வழங்கின. 'இப்படி அவர் பேசினாரா?' என்னும் வினா வரலாற்றாசிரியர்க்கு இன்றியமையாதது. 'பேசவிடாதவன் பேசினால் எப்படி இருக்கும்?' என்பது பார்வையாளர் கேட்டு வந்த வினா. முன்னதற்குரிய அளவுகோலால் பின்னதை அளந்து 'வரலாற்றுப் பிழை' எனப் பட்டியலிடும் ஆய்வுகள் நம்மிடையே மிகுதி. அவற்றால் படத்தின் ஈர்ப்பு விளங்குவதில்லை.

ஆயினும் காட்சி மூடி மறைத்தவை உண்டு. இவ்விடத்தில் ஹிக்சனின் கூற்று நமக்குப் பயன்படுகிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் ஆனது; ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்துத் தகர்க்கப்பட்ட அக்கோட்டையைச் சில நாள்களில் மீண்டும் எழுப்பினார். அம்மண்சுவர் கும்பெனிப் படையை மே 24 வரை தடுத்து நின்றது. எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் அப்போரையும் ஊமைத்துரையையும் வியப்போடு பதிவு செய்தார். மண்ணும் வைக்கோலும் முள்வேலியும் பீரங்கியைத் தாங்கியதே அப்போரின் பெருமை. திரைப்படமோ போர்க்காட்சிகளுக்கு ஜெய்ப்பூரை நாடிற்று. இராசபுதனத்துக் கல்லும் குதிரையும் வந்தபின் கரிசல் மண் மறைந்தது. வறண்ட பாளையத்துக்கும் நெல் விளையும் ஆற்றுப்படுகைக்கும் இருந்த உறவும் அவ்வாறே மங்கிற்று. ஸ்ரீவைகுண்டத்துக் கும்பெனி நெற்களஞ்சியம் கொள்ளையிடப்பட்டது கதையில் இடம்பெற்றாலும், கரிசல்காட்டான் ஏன் பொருநை நெல்லுக்கு வந்தான் என்னும் பொருளியல் வினா பட்டாடைகளுக்கு இடையே எழுவதில்லை.

இதனினும் கடுமையான விளைவு எட்டயபுரத்துக்கு நேர்ந்தது. எட்டப்பன் என்பது அப்பாளையத்தார் வழிவழியாகத் தாங்கிய பட்டப்பெயர். ஒரு தலைமுறையின் அரசியல் முடிவு, மேடையிலும் திரையிலும் ஒரு மனிதனின் குணமாகச் சுருங்கி, காட்டிக்கொடுப்போன் என்னும் பொதுப்பெயராகத் தமிழ்நாடெங்கும் நிலைத்தது. கும்பெனியோடு சேர்ந்த பாளையக்காரர் வேறு பலர் இருந்தும் அவர்கள் பெயர் வசவாகவில்லை. திரையில் அவர்களுக்கு அத்தகைய வேடம் அமையவில்லை. பாரதியார் பிறந்த ஊரும் எட்டயபுரமே. அடுத்த படத்தில் பந்துலு அவரைத் தலைப்பாகையோடு கொண்டுவந்து நிறுத்தியும் வசவு நீங்கவில்லை.

சுந்தரலிங்கத்தின் நிலை வேறு. கதைப்பாடல் மரபு கட்டபொம்மனின் தளபதிகளையும் வீரர்களையும் அவரவர் குலத்தோடு பெயர் சொல்லிப் பாடுகிறது; வெள்ளையத்தேவன், கவர்னகிரிச் சுந்தரலிங்கம், பகடைச் சகோதரர்கள் என அவ்வரிசை நீள்கிறது. படத்திலோ வெள்ளையத்தேவனுக்குக் காளையடக்கமும் காதலும் பாட்டும் வாய்த்தன. ஏனையோர் பின்வரிசைக்குச் சென்றனர். உடையும் வாக்கும் எவருக்குக் கிடைத்தன என்பது அழகியல் வினா மட்டுமாக இருக்கவில்லை. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டபோது தென்மாவட்டங்களில் சாதிக்கலவரம் மூண்டது. அதனைத் தொடர்ந்து எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு நீக்கிற்று. நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆயிற்று. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆயிற்று. முன்வரிசைக்கு வர மறுக்கப்பட்ட பெயரும் முன்வரிசையிலேயே நின்ற பெயர்களும் ஒரே ஆணையால் பலகைகளிலிருந்து இறங்கின.

'கப்பலோட்டிய தமிழன்' ஏன் தோற்றது என்பதற்கு இப்போது திரும்பலாம். சிதம்பரனார் 1936இல் மறைந்தார். அவரை நேரில் கண்டோர், அவர் வாதாடிய நீதிமன்றத்துக்குச் சென்றோர், 1908 மார்ச் 13ஆம் நாள் திருநெல்வேலி எழுச்சியை நினைவில் கொண்டோர் படம் பார்த்த காலத்தில் வாழ்ந்தனர். வழக்கறிஞரின் கறுப்புக் கோட்டு அவர்களுக்கு வேடமாகத் தோன்றவில்லை. அது அன்றாட உடை. சிறையில் செக்கிழுக்கும் காட்சியில் உடையே இல்லை எனலாம். சொல்லும் அங்கே குறைவு. வென்றவரின் குரலைக் கேட்க வந்தோர், விடுதலையாகித் திரும்பியவரை வரவேற்க ஆளில்லாத வெறுமையைக் காண நேர்ந்தது. அவ்வெறுமைக்குப் பொறுப்பானவர்களில் தம் தந்தையரும் இருக்கலாம் என்னும் உறுத்தலிலிருந்து அவர்களைக் காக்கும் கால இடைவெளி அப்படத்தில் இல்லை. கட்டபொம்மன் கதையில் அத்தகைய குற்றவுணர்வு முழுவதையும் எட்டப்பன் ஏற்றுக்கொண்டான்.

பாஞ்சாலங்குறிச்சியில் மாநிலத் தொல்லியல் துறை 1968-69இல் நடத்திய அகழாய்வில் அரண்மனையின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. கயத்தாற்றில் கணேசன் தம் செலவில் நிலம் வாங்கி 1970இல் சிலை நிறுவினார். 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் அரசு நினைவுக் கோட்டை எழுப்பியது. அதன் உட்சுவர்களில் ஓவியங்கள் கதையைக் காட்சி காட்சியாகச் சொல்கின்றன. பேருந்துகளில் வந்திறங்கும் மாணவர் கூட்டம் அவ்வோவியங்களின் முன் நின்று, கேட்பார் இல்லாமலே வசனத்தைத் தொடங்குகிறது. அடித்தளங்கள் உள்ள இடத்துக்கு அவர்களை அழைத்துச் செல்ல ஆசிரியர் ஒருவர் முன்னே நடக்கவேண்டியுள்ளது. அங்கே செங்கல் வரிசைகள் முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன.